கண்மாய்க் காவல்காரரின் துண்டு

சித்திரை வெயிலில் தோளில் துண்டு இல்லாமல் நடக்கிற ஆண்பிள்ளை ஆவாரங்குளத்தில் ஒருவர்தான். பிச்சையா. ஐம்பத்தைந்தைத் தாண்டிய உடம்பு. ஆட்டுக்குப் பின்னால் நடந்து நடந்து கருத்த கால். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கினால் புறங்கையால் வழித்து உதறிவிட்டு நடப்பார். கிடாய் பார்க்க வருகிற வெளியூர் வியாபாரி எவனாவது, "என்ன அண்ணாச்சி, இந்த வெயிலுக்கு ஒரு துண்டு போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். அவர் ஆட்டைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்தத் தோளிலும் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்த காலம் உண்டு. வெறும் துண்டா அது? ஒரு ஊரே அந்தத் துண்டு எப்போது உயரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழைதான் அந்தக் கரிசல் ஊரின் கண்மாய்க்கு உயிர். தை மாதம் கரையைத் தொட்டுக் கிடக்கிற தண்ணீர் பங்குனியில் சுருங்கும். சித்திரையில் மடைக்கு முன்னால் இருக்கிற ஆழமான பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடும். கிடங்கு என்பார்கள் அதை. கண்மாயில் வளர்ந்த மீன் முழுக்க அங்கேதான் வந்து நெருக்கியடித்துக் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, சுற்றுப்பட்டிக்கெல்லாம் சொல்லி, எல்லாரும் ஒன்றாக இறங்கிப் பிடிப்பார்கள். கரையில் இருக்கிற அய்யனாருக்குத் தேங்காய் உடைந்ததும் காவல்காரர் கரைமேல் ஏறித் துண்டை வீசுவார். துண்டு உயராத கண்மாயில் ஒரு கால் படக்கூடாது. ஏழை பணக்காரன் எல்லாருக்கும் அதே சட்டம்.

பிச்சையாதான் காவல்காரர். கோடை பிறந்ததும் தன்னுடைய தூண்டிலையும் ஊத்தாவையும் கொண்டுபோய் அய்யனார் கோவில் வேப்பமரத்தில் தொங்கவிடுவார். ஊத்தா என்றால் மூங்கில் குச்சியால் பின்னிய, அடியில்லாத கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவி எடுப்பார்கள். காவல்காரன் வீட்டில் தூண்டில் முள் கூட இருக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் மரத்தைப் பார்க்கலாம், காவல் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கைம்மாறு? துண்டு வீசிய பிறகு பிடிபடுகிற முதல் விரால் காவல்காரருக்கு. அந்த விராலைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்குள் அவர் நடந்து வருகிற நடையைப் பார்க்க வேண்டுமே!

மீனின் மனசு தெரிந்த மனுஷன். கெண்டை விடிகாலையில் கரையோரம் மேயும், மண்புழுவை நம்பும். வெயில் ஏறினால் மண்புழுவைத் திரும்பியும் பார்க்காது. கெளுத்திக்குப் பொழுது சாய வேண்டும், கோழிக்குடலின் நாத்தம் வேண்டும். அதன் முள்கொடுக்கை மடக்கிப் பிடிக்கத் தெரியாதவன் ராத்திரியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். ஜிலேபி ஆழமில்லாத சேற்றில் தட்டு மாதிரிக் குழி பறித்து அதிலேயே காவல் கிடக்கும். காலால் தடவினாலே போதும். ஆரால் சேற்றுக்குள் பாம்பு போலப் புதைந்திருக்கும். விரால்தான் ராஜா. கோரைப்புல் நிழலில் அசையாமல் கிடந்து, சின்னத் தவளையைத் தண்ணீர்மேல் துள்ளவிட்டால் 'பொளக்'கென்று வாய் பிளக்கும். அதுவும் அனல் கொதிக்கிற நாளில் அடிச்சேற்றில் கிடக்கும், எந்த இரைக்கும் மசியாது.

அந்த விராலில் பிச்சையா ஒரு தர்மம் வைத்திருந்தார். சிவப்புச் சிவப்பாய்க் குஞ்சுகள் கொத்தாக மேலே மிதக்கும். கீழே தாய் விரால் காவல் வரும். அதைத் தொடக்கூடாது. இரண்டு கோடைக்கு முந்தி அதற்குத் தூண்டில் போட்ட இசக்கிராஜாவைக் கையும் களவுமாகப் பிடித்து, ஊர்க் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். தகப்பன் இல்லாத பிள்ளை, அன்றைக்கு இருபது வயசு. "குஞ்சோட திரியுற தாயப் பிடிக்கியே, ஒனக்கு ஒரு தாய் இல்லியாலே?" என்று கேட்டார். ஊரே கைதட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் அவன் தாய் காளீஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் பிச்சையாவுக்குக் காது கூசும்.

விதி அவருடைய மகள் வழியாக வந்தது. ரேணுகாதேவியைக் குளத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சுடலைக்குமாருக்கு உப்பளத்தில் வேலை. மாமியார் செல்வமாரி மனசில் கள்ளமில்லாதவள், வாயில் கதவும் இல்லாதவள். கடல் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அவளுக்குக் கண்மாய் மீன் என்றாலே இளக்காரம். மகள் போனில் பேசும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிணுங்குவாள். "எப்பப் பாத்தாலும் ஒங்க ஊரு சேத்து மீனுன்னு சொல்லுதாவப்பா. ஒரு நாளாவது இவிய வாய அடைக்கணும்."

"மீன்பிடிக்குக் கூட்டிட்டு வாம்மா. அவியளே சொல்லுவாவ" என்றார் தகப்பன்.

சனிக்கிழமை மத்தியானமே வந்து சேர்ந்தார்கள். பிச்சையாவின் பெண்டாட்டி மாடத்தி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். செல்வமாரி சாப்பிட்டுவிட்டு விசிறியோடு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில வெயிலுக்கு முந்தி நாங்க கெளம்பணும். என்னா புழுக்கம்! ஒங்க ஊருல காத்துக்குமா பஞ்சம்?"

பிச்சையா பதறினார். "என்ன தங்கச்சி இப்படிச் சொல்லுத? நாளைக்குத்தானே மீன்பிடியே?"

"அந்தச் சேத்து மீனுக்கா? எங்க வீட்டுப் பூனையே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும். ஏட்டி ரேணுகா, நீ வேணா இருந்து தின்னுட்டு வா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாப்பிள்ளையும் சிரித்தான். ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. பெற்ற பிள்ளையின் அந்தப் பார்வை பிச்சையாவின் நெஞ்சில் முள்ளாய்ப் போய்க் குத்தியது. அந்த முள்ளைப் பிடுங்க அவர் செய்த காரியம்தான் அவரைக் குப்புறத் தள்ளியது.

பொழுது சாய, தன் எருமை மாடுகளை ஓட்டிக்கொண்டு பிச்சையா கண்மாய்க்குப் போனார். காற்று அசையவில்லை. மேகம் மூடிக்கொண்டு பூமி அவிந்தது. கிடங்கு கருத்துக் கிடந்தது. தூண்டில் அய்யனாரின் மரத்தில் தொங்கியது. அதைத் தொட மனசு வரவில்லை. தொட்டாலும் இந்த அனலில் விரால் இரை எடுக்காது.

அப்போது எருமை ஒன்று தண்ணீரைப் பார்த்து மூக்கை உறிஞ்சியது.

கடைசி நாட்களில் கிடங்குக்குள் மாடு இறங்கக்கூடாது. ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் குறைந்து சேறு சூடேறிக் கிடக்கும்போது கலக்கினால் மீனுக்கு மூச்சு முட்டிவிடும். இதை ஊருக்கெல்லாம் சொல்லி, மாடு இறக்கியவர்களை வைதவர் பிச்சையாதான். ஆனால் கலங்கல் தண்ணீரில் விரால் தலை தூக்கிக் கரையோரம் ஒதுங்கும், வெறுங்கையால் அமுக்கிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

'முதல் விரால் எனக்கு உரியதுதானே? ஒரு நாள் முந்தி எடுக்கிறேன். கொஞ்ச நேரந்தானே?'

திருட்டுக்கு மனசு எவ்வளவு அழகாக உரிமை என்று பெயர் வைக்கிறது!

எருமைகளை உள்ளே விட்டார். அவை தண்ணீரில் இறங்கிய சந்தோஷத்தில் உருண்டு புரண்டு அடிச்சேற்றையெல்லாம் மேலே கொண்டுவந்தன. இரண்டு விரால், முழங்கை நீளத்துக்கு, கரையோரம் வந்து வாயைத் திறந்தன. துண்டால் மூடி அமுக்கினார். ஆம், அதே வெள்ளைத் துண்டால்!

துண்டுக்குள் துடித்த மீனைப் பார்த்ததும் மாடத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது நம்ம கிடங்கு மீனுல்லா? நாளைக்குத் துண்டு வீசுறவரு நீங்க."

"எனக்குள்ளத ஒரு நா முந்தி எடுத்தேன். சத்தம் போடாத."

"அய்யனாரு பாத்துக்கிட்டுல்லா இருக்காரு?"

"ஒம் மக அழுததையும் அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

மாடத்தி மீனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாம்பலைப் போட்டு விராலின் வழுவழுப்புப் போக உரசினாள். உரசிய வேகத்தில் அவள் கோபம் தெரிந்தது. மாங்காய் போட்டு மண்சட்டியில் குழம்பு கூட்டினாள்.

செல்வமாரி முதலில் விரல் நுனியில் ஒரு துண்டைத்தான் பிட்டாள். பிறகு பேச்சு நின்றது. மறுசோறு வாங்கினாள். சட்டியில் கிடந்த தலையையும் கேட்டு வாங்கினாள்.

"எங்க பிடிச்சது அண்ணாச்சி இது?"

"நம்ம கிடங்குலதான் தங்கச்சி. இப்பப் பிடிச்சது" என்றார் பிச்சையா, நெஞ்சு நிமிர்ந்து.

"நான் இதத் தெரியாமல்லா பேசிட்டேன்! எலே சுடலை, காலையில போக வேண்டாம். மீன்பிடி பாத்துட்டு மெதுவாப் போவோம். ஏட்டி ரேணுகா, ஒங்க ஊரு மீனு மீனுதாண்டி!"

ரேணுகாவின் முகத்தில் பூத்த பூவைப் பார்த்து அந்தத் தகப்பன் குளிர்ந்து போனார். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் விடிகிற வரைக்கும்தான்.

விடிந்தபோது கரை நிறைய ஜனம். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து டெம்போ பிடித்து வந்திருந்தார்கள். ஊத்தாவும் வலையும் கையுமாகக் கலகலப்பாக வந்த கூட்டம், கரைமேல் ஏறியதும் அப்படியே நின்றது.

கிடங்கு முழுக்க வெள்ளை. கெண்டையும் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாத்தம் அப்போதே கிளம்பிவிட்டது. காக்கைகள் சத்தம் போட்டன. செத்த மீன்களுக்கு நடுவே விரால்கள் மட்டும் தலையை நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. அது மேல்காற்றைக் குடித்துப் பிழைக்கிற ஜாதி.

பார்த்த மாத்திரத்தில் பிச்சையாவுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. தன் எருமைகள் கிளப்பிவிட்ட சேறு. காற்றில்லாத புழுக்கம்.

"கள்ளிப்பாலு ஊத்தியிருக்கான்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது. திருகுகள்ளிப் பாலைக் கரைத்துவிட்டு மீனை மயக்குகிற களவாணித்தனம் அந்தப் பக்கத்தில் உண்டு. எல்லார் கண்ணும் ஒரே ஆளைத் தேடியது. இசக்கிராஜா. அவன் வேலிக்குக் கள்ளி வெட்டியிருந்தான். வேட்டியில் பால் கறை காய்ந்து கிடந்தது.

"எலே, இது என்ன கறை?"

"வேலிக்கு வெட்டுனது..."

"தாய் மீனுக்குத் தூண்டில் போட்ட பயதானே நீ!"

'பளார்' என்று ஒரு அறை விழுந்தது. அடுத்தது பிடரியில். அவன் திருப்பிக் கை ஓங்கவில்லை. உதட்டில் ரத்தம் வழிய, கூட்டத்துக்கு மேலே யாரையோ பார்த்துக்கொண்டு நின்றான். காளீஸ்வரி ஓடிவந்து பிச்சையாவின் காலடியில் விழுந்தாள்.

"அண்ணே! காவலு நீங்கதானே! எம்புள்ள இந்தப் பக்கம் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே! நீங்க சொன்னா ஊரு கேக்கும்!"

சத்தம் அடங்கியது. ஊர்த்தலைவர் மாயகிருஷ்ணன் திரும்பினார். "சொல்லும் பிச்சையா. இவன் வந்தானா?"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது கரையோரத்தில் சம்பந்தி வீட்டாரோடு நின்ற மகளைப் பார்த்தார். மாமியார் பக்கத்தில், தலை நிமிர்ந்து, அப்பாவை ஊரே கேட்கிறதென்ற பெருமையோடு நின்றாள் ரேணுகா.

"இருட்டா இருந்துது..." என்றார் பிச்சையா. "கண்ணு சரியாத் தெரியல."

ஐயோ! இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று கூடச் சொல்லியிருக்கலாம். யாரோ ஒருவன் இருட்டில் வந்ததாக அல்லவா ஆகிவிட்டது! மூன்றாவது அடி இசக்கிராஜாவின் முதுகில் விழுந்தது. காளீஸ்வரி மண்ணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மாடத்தி புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அழுகையைப் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தது யார் தெரியுமா? செல்வமாரி!

"ஏய், விடுங்கய்யா அந்தப் புள்ளைய! கள்ளிப்பாலுன்னா நாங்கல்லாம் செத்துல்லா கெடக்கணும்? நேத்து பொழுதடையப் பிடிச்ச விரால எங்க அண்ணாச்சி கொழம்பு வச்சுத் தந்தாவ. தலை கூட மிச்சம் வைக்கல நான். விசத்தத் தின்னுட்டா இங்கன கல்லு மாதிரி நிக்கேன்?"

"எங்க பிடிச்ச விரால்?" என்று மாயகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் கிடங்குலதான்! அவியளே சொன்னாவ. கேளுங்க."

நல்லதுதான் நினைத்துச் சொன்னாள். சம்பந்தியின் பெருமையை ஊரறியச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் பிச்சையாவின் தலையில் மண்ணாய் விழுந்தது.

மாயகிருஷ்ணன் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார். தூண்டிலும் ஊத்தாவும் தூசி படிந்து அப்படியே தொங்கின. பிறகு கிடங்கின் ஓரத்துக்கு இறங்கிப் போனார். கரிசல் சேறு ஒன்றையும் மறைக்காது. எருமைக் குளம்பின் தடம் பள்ளம் பள்ளமாக உள்ளே போய், வெளியே வந்திருந்தது. ஊரில் எருமை வைத்திருப்பது ஒரே வீடு.

கூட்டம் பிச்சையாவின் பக்கம் திரும்பியது.

"நாந்தான்" என்றார் பிச்சையா. குரல் அவருக்கே கேட்கவில்லை. "மாட்ட இறக்கிட்டேன்."

யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது மனுஷத்தனம். தடம் காட்டிக் கொடுத்த பிறகு சொன்னதற்கு என்ன பெயர்?

இசக்கிராஜாவைப் பிடித்திருந்த கைகள் தானாக விலகின. அடித்தவன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டான். பிச்சையா திட்டுக்காகக் காத்து நின்றார். கல் எறிந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மாயகிருஷ்ணன் கையை மட்டும் நீட்டினார்.

"தண்டம் ஒண்ணும் வேண்டாம் பிச்சையா. துண்டக் குடுத்துரும்."

தோளிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தார். அதில் நேற்றைய சேறு ஒட்டியிருந்தது. மாயகிருஷ்ணன் அதை வீசவில்லை. கொண்டுபோய் மரத்தில், ஊத்தாவின் பக்கத்தில் கட்டினார். துண்டு உயராத கண்மாயில் யாரும் இறங்கவில்லை. வெறும் கூடைகளோடு ஜனம் கலைந்தது. டெம்போவில் ஏறிய ஒருவன் மட்டும், "காவலுக்கு நரிய வச்சிருந்திருக்காவ" என்றான். ஒருவரும் அவனை மறுக்கவில்லை.

"தெரியாமச் சொல்லிட்டேனே அண்ணாச்சி... நான் பாவி" என்று செல்வமாரி வாயில் அடித்துக்கொண்டாள். அவளுடைய இளக்காரத்தைத் தாங்கியிருக்கலாம். இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. ரேணுகா தகப்பன் பக்கம் திரும்பவே இல்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கரையிறங்கிப் போனாள்.

பிச்சையா கிடங்கில் இறங்கினார். செத்ததை அள்ளாவிட்டால் மிச்சத் தண்ணீரும் கெட்டுவிடும். ஊர் ஆடு மாடு எங்கே போய்க் குடிக்கும்? முழங்கால் சேற்றில் நின்று கைகளால் அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் மாடத்தி ஒரு கூடையோடு வந்தாள். சுமந்துகொண்டுபோய்க் காட்டுக்குள் கொட்டினாள்.

உச்சி வெயிலில் எதிர்க்கரையில் 'சளக்' என்று சத்தம். நிமிர்ந்தார். இசக்கிராஜா. உதடு வீங்கியிருந்தது. அவனும் அள்ளிக்கொண்டிருந்தான்.

நடுவில் வந்து சேருகிற வரைக்கும் இருவரும் அள்ளினார்கள். பிச்சையாதான் கடைசியில் வாய் திறந்தார். "நீ எதுக்குலே வந்த? நான் செஞ்சதுக்கு..."

"விரால் இன்னும் உசுரோட கெடக்கே மாமா. தண்ணி சுத்தமாகலன்னா அதுவும் போயிரும். குஞ்சு ஒரு கொத்து அந்தக் கோரைக்குள்ள நிக்கி. பாத்துக் கால வைங்க."

பிச்சையா கோரையைச் சுற்றி ஒதுங்கிக் காலை வைத்தார். "ரொம்ப அடிச்சுட்டானுவளாலே?"

அவன் ஒரு செத்த கட்லாவைத் தூக்கிக் கரையில் எறிந்தான். பிறகு, கோபம் இல்லாமல், வெறும் சேதி சொல்வது போலச் சொன்னான்:

"அடிச்சவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல மாமா. அடி விழும்போதெல்லாம் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தான்.

பிச்சையாவின் கண்ணைத் தண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொள்ளச் சேற்றுக் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் ஒன்றுமில்லை. வெறும் தோளைத் தடவிக்கொண்டு அந்த மனுஷன் செத்த மீன்களுக்கு நடுவே அப்படியே நின்றார்.